தூங்குகிறவரின் படம்

என் வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது வரை இது எனக்குத் தெரியாது. சித்தூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சர்ச்சுக்குப் போகிற தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தாடையைத் தூக்கு, தலையை இந்தப் பக்கம் சாய், போதும், அசையாதே என்று நாள் முழுக்க அடுத்தவர் தலையை நேராக்குவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுடைய காதே கோணல் என்பதைச் சொன்னவள் ஸ்டூடியோவுக்கு மேலே மாடியில் குடியிருந்த பெண்.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் பிள்ளைகளைப் போட்டோ எடுக்க வந்திருந்தாள். குடி வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சின்னவனை ஸ்டூலில் உட்கார வைத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, நான் கேமராவுக்குப் பின்னால் போனால், அவள் பிள்ளையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சுருக்குவாள், விரிப்பாள், மறுபடி சுருக்குவாள். சட்டைப் பொத்தான் ஏதாவது கழன்றிருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்க வலது காது கீழ எறங்கிக்கீது. கண்ணாடிக் கம்பிய வளச்சி வளச்சி சமாளிச்சிக்கினு கீறீங்க."

அவள் சொன்னது உண்மை. கண்ணாடிக் கடைக்காரனுக்குத் தொழில் தெரியவில்லை என்று பல வருடங்களாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஸ்கேல் வைத்து அளந்தபோது என் மனைவி சிரித்த சிரிப்பை எழுதாமல் விடுகிறேன்.

என்னை அண்ணா என்று கூப்பிட்டவள். அந்த உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் சித்தூரில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்கள். குடும்பமே குப்பம் என்கிற ஊருக்குப் போய் நாலைந்து வருடம் ஆகிறது. இப்போதும் யாராவது என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் எனக்குக் கை தானாகக் காதுக்குப் போகிறது.

அவளுடைய வழக்கமே அதுதான், பார்ப்பது. நாமெல்லாம் முகத்தைப் பார்த்து யார் என்று தெரிந்ததும் பார்வையை எடுத்துவிடுகிறோம். அவளுக்கு யார் என்று தெரிந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். மார்க்கெட்டில் தக்காளிக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, "ஏம்மா, நா மொகான ஏமுந்தி?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டார். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்ட மனிதருக்கு, "நீட உந்தி, அன்னா" என்று பதில் சொல்லியிருக்கிறாள். நிழல் இருக்கிறதாம். மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் வழியாக வெயில் இறங்கி அவருடைய ஒரு கன்னம் நீலமாக இருந்ததாம். அதற்குப் பிறகு அந்த மனிதர் அவள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டே நிறுப்பார் என்று கேள்வி. சர்ச்சிலும் இதே கதைதான். பிரசங்கம் செய்துகொண்டிருந்த பாஸ்டர் அவள் பார்வையில் மாட்டிக்கொண்டு, வசனத்தைத் தேடிப் பக்கம் புரட்டி, கடைசியில் மேடையின் அந்தப் பக்கமாகத் தள்ளி நின்று முடித்தார். ஒரு கல்யாண போட்டோ எடுக்கப் போனபோது அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

படம் வரைய அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றில் பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்தவள், சின்னவன் பிறந்ததும் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணுக்குப் பேன் பார்க்கும்போது, சீப்புக்குப் பயந்து அந்தக் குழந்தை கல்லாக உட்கார்ந்திருக்கும் அல்லவா, அதைப் பார்த்து ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கியதுதான் ஆரம்பம். அப்புறம் செல்போனில் யார் யாரோ எந்த நாட்டிலோ படம் போடுகிற வீடியோக்கள். செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து, சத்தத்தை அணைத்துவிட்டு, கை மட்டும் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே சாம்பாருக்குத் தாளிப்பாள். கலரும் பிரஷும் சமையலறை ஜன்னலில் இருக்கும். கலர் காய்ந்து போகாமல் இருக்க, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் அடித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு முகம்தான் வேண்டும். பூ, மலை, குருவி எதுவும் ஆகாது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. காலையில் எட்டேகாலுக்குப் பள்ளிக்கூட வேன் வந்து இரண்டு முகங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு அவள் கை காலி, வீட்டில் முகம் இல்லை. மூன்றே முக்காலுக்கு முகங்கள் திரும்பி வரும். அப்போது ஆளுக்கொரு டம்ளர் பால், ஹோம்வொர்க், சண்டை, இரவுச் சமையல், கை காலி இல்லை. நடுவில் செல்போனில் கார்ட்டூன் பார்க்க அரை மணி நேரம் அனுமதி உண்டு. அந்த அரை மணி நேரம்தான் அவளுடைய பட்டறை. அதனால் அவள் போட்ட பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றிலும் கண் கீழே பார்க்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், தாடையில் ஒரு நீல வெளிச்சம் விழுந்திருக்கும்.

"இந்த நீலம் நல்லா இல்லம்மா," என்றேன் ஒருநாள். "நானா இருந்தா எடுத்துருவேன்."

"இருக்குதேண்ணா."

"இருந்தா என்ன? பாக்கறவங்களுக்கு ஏதோ வெசத்த குடிச்ச கொழந்த மாதிரி கீது."

"அப்ப செல்ல புடுங்கி வெச்சிர்றேன். நீலம் போயிடும். கொழந்தயும் எழுந்து ஓடிடும்."

என் தொழிலுக்கு நேர் எதிர்த் தொழில் அது. நான் மருவை எடுப்பவன், கருப்பைக் குறைப்பவன், இரண்டு போட்டோவிலிருந்து ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைப்பவன். ஒரு போட்டோ எடுத்துத் தருகிறேன், அதைப் பார்த்துச் சௌகரியமாகப் போட்டுக்கொள் என்று நானாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். "போட்டோல நீங்க ஒரே ஒரு தபாதான்ணா பாத்துக்கீறீங்க. எனுக்கு அது பத்தாது." எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

மூத்தவளின் படம் ஒன்றை ஆரம்பித்தபோது அந்தக் குழந்தைக்கு முன்பல் இரண்டும் இருந்தன. அரை மணி அரை மணியாகப் போட்டு உதட்டுக்கு வருவதற்குள் ஒரு பல் விழுந்துவிட்டது. பல்லை அழித்து ஓட்டை போட்டாள். அடுத்ததும் விழுந்தது, அதையும் அழித்தாள். பிறகு புதுப்பல் அரிசி அளவுக்கு எட்டிப் பார்த்தது. விட்டுவிடு தாயே என்று நானே சொன்னேன். கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் வாயில் நடந்ததெல்லாம் அந்தப் படத்திலும் நடந்தது.

இரண்டாவது சனிக்கிழமைகளில் திருப்பதிக்குப் போவாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் இவளைப் போலப் பொழுதுபோக்குக்குப் படம் போடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவர் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், மற்றவர்கள் வரைய வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. இரண்டையும் இழுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில், புளிசாதம், கேன்வாஸ் அட்டை சகிதம் பஸ் ஏறுவாள். ஒரு மாதம் சின்னவனுக்குப் பேன் அடங்காமல் தலையை வழித்துவிட்டிருந்தாள். திருப்பதியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை ஏறினால் கேட்க வேண்டுமா? ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்து, "மொக்கு தீர்ச்சுகுன்னாரா?" என்று கும்பிட்டிருக்கிறார். வேண்டுதல் முடிந்ததா என்று அர்த்தம்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன்," என்றாள் என்னிடம். "ஆனா அவர் எழுந்து நின்னப்ப வெளிச்சம் நேரா மூக்குல விழுந்துச்சிண்ணா. பேசினா மூஞ்ச திருப்பிக்குவாரு. அதனால சும்மா தலைய ஆட்டிட்டேன்." வழி முழுக்க அந்த மனிதரின் மூக்கைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவருக்கு என்ன தோன்றியதோ, இறங்கும்போது பையன் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

ஒருமுறை சீட்டில் அவள் பெயரே வந்துவிட்டது. அன்று ஊர் திரும்பியதும் மாடிக்குப் போகாமல் என் கடை வாசலிலேயே நின்றாள். சின்னவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான், பெரியவள் பையைப் பிடித்திருந்தாள். "ரெண்டு மணி நேரம் பத்து பேரு என்ன பாத்தாங்கண்ணா," என்றாள். "கல்யாணத்தன்னிக்கிகூட யாரும் அவ்ளோ நேரம் பாக்கல." கூச்சமாக இல்லையா என்றேன். இல்லை, நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூடக் கண்ணைத் தாழ்த்தவில்லை என்றாள். சொல்லும்போது முகம் நன்றாக இருந்தது. நான் போட்டோக்காரன், எனக்குத் தெரியும்.

இனி அவளுடைய வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குப்பத்தில் கிரானைட் கல்லுக்குப் பாலீஷ் போடுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். குடி கிடையாது, கத்தல் கிடையாது, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்காமல் வரமாட்டார். வந்தால் தூங்குவார், அவ்வளவுதான். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்த உடம்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்டு, கை ஈரம் காய்வதற்குள் பாயில் இருப்பார். யு.கே.ஜி.யில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னபோது, சின்னவன் அம்மாவை நிற்க வைத்து, அக்காவை நிற்க வைத்து, நைனாவை மட்டும் படுக்க வைத்து வரைந்துவிட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார்கள்.

பிள்ளைகளைத் தவிர அசையாமல் கிடைக்கிற ஒரே முகம் அது. அவள் விடுவாளா? பதினோரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலு வரை, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து போட்டிருக்கிறாள். அவருக்கே தெரியாது. முடித்துவிட்டு பிரேம் போட என்னிடம் கொண்டுவந்தாள்.

அவளைப் பாராட்டக் கூடாது என்று நான் வைத்திருந்த வைராக்கியம் அன்றைக்குப் போயிற்று. தலையணையில் அழுந்தி ஒரு கன்னம் மேலே ஏறியிருந்தது. மூடிய இமைகளில் மெல்லிய நரம்பு. எத்தனை குளித்தாலும் போகாத கல் தூசி புருவத்தில் சாம்பல் நிறமாக ஒட்டியிருந்தது. வாய் ஓரம் மட்டும் கொஞ்சம் விழித்திருப்பது போல. எனக்கு அந்த மனிதரை மூன்று வருடமாகத் தெரியும், படிக்கட்டில் பார்த்தால் "பாகுன்னாரா" என்று சௌக்கியம் விசாரிப்பார், நான் தலையாட்டுவேன். அவர் இவ்வளவு களைத்துப் போனவர் என்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பிரேம் போட்டு, பசை காய்வதற்காகக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினேன். தப்பு அங்கேதான் நடந்தது.

அந்த ஆணிகள் எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர் முகத்தைத் தனியாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு யாரும் மாட்டுவதில்லை. சுவரில் ஒற்றை முகம் என்றால் போனவர் என்று அர்த்தம். கடைசி வரை போட்டோவே எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்கிறவர்கள் உண்டு. அவர்களை வாசலில் கிடத்தியிருக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து, "கண்ணு தொறந்து குடு" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். அண்ணன் தம்பி யாருடைய கண்ணையாவது எடுத்து கம்ப்யூட்டரில் பொருத்தி, நினைவு நாளுக்கு ரெடி செய்து தருவேன். இந்த வேலையில் பலமநேர் வரைக்கும் எனக்குப் பெயர் உண்டு. அப்படித் தயாராகிற படங்கள்தான் அந்த ஆணிகளில் தொங்கும்.

மறுநாள் காலையில் அவர்கள் சர்ச் சபைக்காரர் ஒருவர் ஆதார் கார்டை லேமினேட் செய்ய வந்தார். சுவரைப் பார்த்தார். நான் உள்ளே கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். வெளியே வந்தபோது ஆள் இல்லை, ஆதார் கார்டு மட்டும் கல்லாமேல் கிடந்தது. அவர் நேராக வெளியே போய்ப் பாலசமுத்திரத்தில் இருக்கிற அவள் வீட்டுக்காரரின் அக்காவுக்கு போன் போட்டிருக்கிறார். தம்பி போய்விட்டான், கண்ணை மூடிக் கிடத்திய போட்டோ ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறது, உங்களுக்குச் சொல்லவில்லையா என்று. அக்கா தம்பிக்கு போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பாலீஷ் மெஷின் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்?

பத்தரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அம்மாள் என்னைக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தார், கல்லாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, தம்பி" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் கேட்டு மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள், கையில் பிரஷ். நாத்தனாரைத் தூக்கப் போனால் அவர் இவளைக் கட்டிக்கொண்டு, "நேத்து ராத்திரி பேசினானே, நல்லாத்தானே பேசினான்" என்று அழுதார். தனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துவிட்டதாக இவளும் நினைத்துவிட்டாள். பிரஷ் கீழே விழுந்ததை நான் பார்த்தேன்.

நான்தான் கம்பெனி நம்பரைப் பிடித்தேன். மேஸ்திரி எடுத்தார். சூப்பர்வைசர் கேன்டீன்ல இட்லி துன்னுக்கினு கீறாரு என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "என்னாக்கா? என்னா ஆச்சி?" என்று அவள் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

அதற்கு அப்புறம் வந்ததுதான் கோபம். அழுகையெல்லாம் வீணாகப் போன கோபம்.

"உசுரோட கீற மனுசன கண்ண மூடி போட்டு மாட்டிகீற. உனுக்கு மனசு எப்பிடி வந்துச்சி?"

"தூங்கறாரு அண்ணி. தூங்கற மாதிரிதான் போட்டேன்."

"தூங்கறாப்பல எவனாச்சும் படம் எடுத்துக்கினு கீறானா? கண்ண தொறந்து போடு. இல்லன்னா அடுப்புல போடு. இனிமே இந்த வீட்ல கலரு டப்பா இருக்கக் கூடாது. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு பொம்ம போடறாளாம்."

அவள் குனிந்து பிரஷை எடுத்தாள். நாத்தனார் முகத்தைத்தான் பார்த்தாள். வழக்கம்போல, ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனுக்குத் தொறந்து போடத் தெரியாது அண்ணி. அவரு முழிச்சிக்கினு கீறத நான் அவ்ளோ நேரம் பாத்ததே இல்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அக்கா ஊருக்குப் போகவில்லை, தம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று மாடியிலேயே தங்கிவிட்டார். படமும் மாடிக்குப் போயிற்று. நாத்தனார் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். மூடினால் இன்னும் மோசமாகத் தெரிந்ததாம், துண்டை எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். எரிக்கப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குப்பத்து வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருப்பதாகக் கேள்வி.

சமாதானம் செய்து வைக்கிற ஆசையில் நான் ஒரு காரியம் செய்தேன். படத்தை ஏற்கெனவே செல்போனில் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் கல்யாண ஆல்பத்தை நாத்தனாரிடம் சொல்லி வாங்கி, மாப்பிள்ளைக் கண்ணை எடுத்து, அந்தத் தூங்கும் முகத்தில் பொருத்தினேன். இமை, புருவ நிழல், கண்ணோரத்துச் சுருக்கம் எல்லாம் கச்சிதம். என் வாழ்நாளில் திறந்த கண்களில் அதுதான் முதல் தரம் என்று இப்போதும் சொல்வேன். நாத்தனாருக்கு ரொம்பத் திருப்தி. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "இது யாருண்ணா?" என்றாள்.

"யாரா? உன் வீட்டுக்காரரு."

"இந்தக் கண்ணு போட்டோக்காரர பாக்குதுண்ணா. கல்யாணத்தன்னிக்கி எல்லாரும் அங்கதான் பாக்கச் சொன்னாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். அக்கா தம்பியின் தோள், கை எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேஸை எடுத்தார். நானும் சாட்சியாக மேலே கூப்பிடப்பட்டிருந்தேன். அவர் படத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "நான் இப்பிடியா தூங்கறேன்?" என்றார். பிறகு சண்டை வேண்டாம் என்று நினைக்கிற மனிதர்கள் எடுக்கிற முடிவை எடுத்தார். ஸ்டூடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் பண்ணியதையே பிரின்ட் போட்டு மாட்டிவிடலாம், இதை உள்ளே வைத்துவிடலாம், படம் போடுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம் என்றார்.

அவள் சரி என்று சொல்லவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க," என்றாள். "நாளிக்கி சாப்ட்டு படுக்காதீங்க. முழிச்சிக்கினு என் எதுர்ல ஒக்காருங்க. நான் கண்ண தொறந்து போட்டுர்றேன். சரியா வரலன்னா டப்பாவெல்லாம் நானே எடுத்து வெச்சிர்றேன்."

"ஒரு மணி நேரமா?" என்றார் அவர். கிரானைட் பலகையைத் தனியாகத் தூக்கச் சொன்னது போலக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பொருள், ஸ்டூடியோவின் சுழல் ஸ்டூல். அதற்கு முதுகு கிடையாது, சாய முடியாது, சாயாமல் தூங்க அவருக்கு வராது என்றாள். மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். வைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. உயரத்தைச் சரிசெய்கிற சாக்கில் நின்றுவிட்டேன்.

அவர் முதலில் எல்லாரையும் போலப் பாஸ்போர்ட் முகம் வைத்துக்கொண்டார். அவள் பிரஷையே எடுக்காமல் காத்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் அந்த முகம் தானாகக் கழன்று விழுந்தது. "எங்க பாக்கறது?" என்று கேட்டார். "என்னத்தான்," என்றாள். சமையலறை வாசலில் நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்னவன் செல்போனை விட்டுவிட்டு எழுந்து வந்து, "நைனா ஒக்காந்துக்கினு கீறாரு" என்று அக்காவிடம் போய்ச் சொன்னான்.

அரை மணி நேரம் போயிருக்கும். கோழிக்குழம்பு வேலை செய்ய ஆரம்பித்தது. அவர் இமை இறங்கும், திடுக்கிட்டு ஏறும். மடியில் வைத்திருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தால் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டிருந்தார். அவளும் அதைப் பார்த்தாள். அவள் பார்க்காமல் விட்ட எதையும் நான் கண்டதில்லை.

"தூக்கம் வந்தா தூங்குங்க," என்றாள்.

"வேணா, வேணா. பாத்துக்கினுதான் கீறேன்."

பார்த்தார். போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ப் பழகிய கண்கள், போக வேறு இடமில்லாமல் அவள் மேலேயே நின்றன. நெற்றி, காது, கழுத்து, கையில் காய்ந்திருந்த கலர் என்று மெதுவாகப் போய்விட்டு மறுபடி தலைக்கு வந்தன.

"உனுக்கு எப்ப நரச்சிது?" என்றார்.

தக்காளிக்காரரையும் பாஸ்டரையும் தலை குனிய வைத்தவள், திருப்பதியில் பத்துப் பேருக்கு எதிரில் இரண்டு மணி நேரம் கண்ணைத் தாழ்த்தாதவள், கலர்த் தட்டைக் குனிந்து பார்த்தாள். அதில் கலக்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"பாப்பா ரெண்டாவது படிக்கச்ச," என்றாள் குனிந்தபடியே. பிறகு, "தலைய ஆட்டாதீங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டவே இல்லை.